கீச்சிடும் பிரேக்கும் டீசல் மணமும்

போன கிழமை ஒரு செத்தவீட்டுக்குப் போனோம். வாசலில் காரை நிறுத்த அவர் பிரேக்கை மிதித்தார். கீ...ச்! ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். படுத்திருந்தவர் ஒருவர்தான் பார்க்கவில்லை.

எனக்கு வந்த வெட்கத்தைச் சொல்லவா வேண்டும்?

'அவர்' என்றால் என் வீட்டுக்காரர். பதினான்கு வருஷம் கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்து, தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் இந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கைமாறி வந்த பழைய கார். இரண்டே இரண்டு சீட். வீட்டில் நாங்கள் நாலு பேர். எங்கேயோ இடிக்கிறது, இல்லையா? முதல் நாளே சொன்னேன். கேட்டால்தானே!

செத்தவீட்டிலிருந்து திரும்பும்போது தீர்த்துச் சொல்லிவிட்டேன். "இஞ்ச பாருங்க, வாற ஞாயிற்றுக்கிழமைக்குள்ள இந்தச் சத்தம் நிக்கணும். இல்லாட்டி இத வித்துப்போட்டு ஒரு வேன் எடுப்பம். கல்முனையில ஒரு பொடியன் கேட்டுக்கொண்டுதான் இருக்கான். அவன வரச் சொல்லிப்போட்டன்."

அவர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு வந்தார். பாவமாகத்தான் இருந்தது... ஆனால் வேன் வேன்தானே!

எங்கள் மெக்கானிக் ஏறாவூர் நிஸார் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். ஏற்கெனவே இரண்டு தரம் பிரேக் பேட் மாற்றியவர். மாற்றினால் கொஞ்ச நாள் சத்தமே இராது. பிறகு பழையபடி கீச்! அவருக்கும் அது மானப் பிரச்சினையாகிவிட்டது. வியாழன் பின்னேரம் இவர் காரைக் கொண்டு போக, படிப்பித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தால் வந்த நானும் ஏறிக்கொண்டேன். நான் ஏன் போனேன்? ஒரு வாகனம் எதற்காகக் கத்துகிறது என்று தெரியாமல் எனக்கு மண்டை குடைந்தது, அவ்வளவுதான்.

நானா சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே வட்டமான இரும்புத் தட்டு. பிரேக் மிதிக்கும்போது அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கட்டைகள்தாம் பேட்.

"சீராப் பிடிக்காம, விட்டு விட்டுப் பிடிச்சா அதிரும் டீச்சர். அந்த அதிர்வுதான் சத்தம்."

"சரி, ஏன் விட்டு விட்டுப் பிடிக்குது?"

"அதுதானே எனக்கும் விளங்குதில்ல!"

கழற்றிய பேட் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி மினுங்கியது. எதைக் கண்டாலும் மூக்கருகே கொண்டுபோகிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

"நானா... இதில டீசல் மணக்குதே?"

"என்ட கையில எந்நேரமும் அந்த மணம்தான் டீச்சர். எனக்கெங்க தெரியப்போகுது?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கராஜின் கூரையைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். எங்கள் செட்டிபாளையத்தில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். அதனால் டீசலில் கழிவு ஒயிலைக் கலந்து வாகனத்துக்கு அடியில் அடிப்பது இங்கே வழக்கம். மற்றவர்கள் எப்போதாவது, அளவாக அடிப்பார்கள். இவருக்கு அது போதுமா? வயலுக்கு மருந்தடிக்கும் டாங்கியை என் தம்பியிடம் வாங்கி, முதுகில் மாட்டிக்கொண்டு, இரண்டு கிழமைக்கு ஒருக்கா... புகை புகையாக! வேனின் சக்கரம் ஓரளவு மூடியிருக்கும். இந்தக் காருக்கோ கம்பி கம்பியாகத் திறந்த சக்கரம். பிரேக் வெளியே தெரிவதுதானே அதன் வடிவு! அடித்த ஒயில் நேரே அதற்குள்.

அதோடு, கராஜுக்குப் போக முதல் காரை ஷாம்பு போட்டுக் கழுவுகிற மனிதர் இவர். நானாவுக்கு எப்படித் தடயம் கிடைக்கும்?

நான் இதைச் சொன்னதும் நானா தலையில் கை வைத்தார். "அல்லாஹ்வே! பிரேக்குக்கு ஒயில் அடிச்சிட்டா இவ்வளவு நாளும் ஓடித் திரிஞ்சீங்க? சத்தத்த விடுங்க தம்பி, ஒரு நாளைக்குப் பிடிக்காமலே போயிருக்கும்!"

சின்ன மகளை டியூஷனுக்கு ஏற்றிப்போவது இதில்தானே!

"துருப் பிடிச்சிரும் எண்டுதான்..." என்று இழுத்தார் அவர். எனக்கு வந்த கோபம் அந்தக் குரலைக் கேட்டதும் பாதியாகிவிட்டது. அக்கறை என்று நினைத்துக்கொண்டு நாமும் எத்தனை பேருக்கு இப்படி டாங்கி தூக்கிக்கொண்டு திரிகிறோம்?

நானா தட்டுகளை மருந்து போட்டுத் துடைத்து, புதுப் பேட் போட்டார். "புதுசு தட்டோட படியணும். சனமில்லாத இடத்தில நாலஞ்சு தரம் மிதிச்சு மிதிச்சுப் போங்க. மறுகா சத்தம் வந்தா என்ட பேரை மாத்துறன்."

வழியில் வெறும் ரோட்டில் அவர் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, திறப்பை உருவி என் கையில் தந்தார். "நீயே மிதிச்சுப் பார் புள்ள."

வேன் கேட்டவள் ஸ்டியரிங் பிடித்தேன். ஓடினேன், மிதித்தேன், ஓடினேன், மிதித்தேன்... ஒரு சத்தம்? மூச்! நாலஞ்சு தரம் என்றுதான் நானா சொன்னார். நான் எத்தனை தரம் மிதித்தேன் என்று கேட்காதீர்கள்!

ஞாயிற்றுக்கிழமை கல்முனைப் பொடியன் வந்தான். ஓடிப் பார்த்தான். முகமெல்லாம் பல்.

"அண்ணே, சத்தமே இல்லையே! இண்டைக்கே எடுக்கிறன்."

அவர் என்னைப் பார்த்தார்.

"இது விக்கிறதுக்கில்ல தம்பி."

சொன்னது அவரில்லை, நான். திறப்பும் இப்போது என்னிடம்தான்!