கம்பளை பஸ்ஸில் பாடம்

விருந்தினரோடு வீட்டில் தமிழில் மட்டுமே பேச வேண்டும் என்பது மொழிப் பள்ளியின் விதி. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பது வருடம் விதிகளோடு குடித்தனம் நடத்திய நான் படித்துப் பார்த்தே கையெழுத்திட்டேன். ஆனால் தமிழ் படிக்க ஸ்பெயினிலிருந்து வந்து, கண்டியில் எங்கள் வீட்டில் தங்கிய அந்த அம்மாவுக்கு ஊர் ஏக்கம் வந்துவிடக் கூடாதென்று, என் மனைவி கைபேசியில் ஸ்பானியம் படித்து அதிலேயே பேசத் தொடங்கிவிட்டாள்.

அவர் நல்ல உயரம். பஸ்ஸில் நின்றால் தொப்பி கூரையில் இடிக்கும். ஊர் பார்க்கப் போவதாகச் சொல்லித் தினமும் கம்பளை பஸ்ஸில் ஏறுவார். அதே பஸ்ஸில் திரும்பி வருவார்.

"கம்பளையில என்ன பார்த்தீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணும் பார்க்கல, ஐயா. பஸ்ஸுல அக்காமார் கேள்வி கேக்குறாங்க. அதுதான் பாடம். இங்க வீட்டு அம்மா தமிழ் பேசவே மாட்டேங்கிறாங்க."

பாடம் நன்றாகவே ஏறியிருந்தது. வாய்மொழிப் பரீட்சையில், பரீட்சகர் வாயைத் திறக்குமுன் இவர் தொடங்கிவிட்டார்.

"எந்த ஊரு தம்பி? கல்யாணம் ஆச்சா?"

"இல்லீங்க."

"ஏன் இன்னும் ஆகல? நான் பொண்ணு பார்க்கவா?"

பரீட்சார்த்தி எந்தக் கேள்விக்கும் பதிலளிக்கவில்லை என்று சான்றிதழை நிறுத்திவைத்தார்கள். அது இல்லாவிட்டால் ஊரில் அவருக்குக் காத்திருந்த மொழிபெயர்ப்பு வேலை போய்விடும். பரீட்சார்த்தி கேள்வி கேட்கக் கூடாதென்று எந்த விதியிலும் இல்லை என மூன்று பக்க மேன்முறையீடு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

சான்றிதழும், 'இணைப்பு 1' என்று குறிக்கப்பட்ட பரீட்சகரின் ஜாதகமும் வந்து சேர்ந்தது, அவர் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள், வெசாக் போயா பௌர்ணமிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை.