டிக்கியில் பேட்டரி, அதன்மேல் கூறைப்புடவை

புதுப்பட்டுக்கு ஒரு வாசனை உண்டு... கஞ்சியும் சாயமும் கலந்து, லேசாகப் புளித்த மாதிரி. எங்கள் பழைய அம்பாசிடர் டிக்கியைத் திறந்தால் அதுதான் முதலில் முகத்தில் அடிக்கும்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்களுக்குக் கடை கிடையாது. வீட்டுக்குள் தறி, வாசலில் கார், அவ்வளவுதான் வியாபாரம். கல்யாண வீடு எந்த ஊரானாலும் புடவையை நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம். அதனால் டிக்கிக்கு எங்கள் வீட்டில் பூஜை அறை மரியாதை. அடியில் வெள்ளை வேட்டி விரித்திருக்கும். செருப்பைக் கழற்றாமல் திறந்தால் மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். பட்டைத் தவிர வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது. வாலாஜாபாத்தில் வாங்கிய எண்ணெய் டின்னை வீடு வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தவள் நான்.

பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் என் வீட்டுக்காரர் அந்த வண்டியில் டீசல் இன்ஜின் போட்டார். இன்ஜின் பெரிசு, இடம் சின்னது. பேட்டரி போய் சைலன்சர் குழாயோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டது. சித்திரை வெயிலில் வெந்தே போய்விட்டது, பாவம்.

ஒரு நாள் காலையில் வாலாஜாபாத் தாண்டி வண்டி படுத்துவிட்டது. டிக்கியில் அன்றைக்குத் தாலி ஏறப்போகும் பெண்ணின் கூறைப்புடவை. பஸ் பிடித்து ஓடினோம். மண்டபத்தில் மேளம் ஆரம்பித்தாயிற்று. பெண்ணின் அம்மா பார்த்த பார்வையே போதும். இன்னொரு தடவை இப்படி ஆனால் எங்களை நம்பி யார் புடவை சொல்வார்கள்?

வண்டியை விற்றுவிடலாம் என்றார் இவர். விற்றால் வேறு வாங்க வழியில்லை. வண்டி இல்லாவிட்டால் வியாபாரமும் இல்லை.

அப்போதுதான் என் நாத்தனார் காஞ்சனா உள்ளே புகுந்தாள். ஒரகடம் பக்கம் கார்களுக்கு வயரிங் செய்யும் கம்பெனியில் வேலை. விரலில் எப்போதும் டேப் பிசுபிசுப்பு, வாயில் எப்போதும் அதிகாரம். சூட்டிலிருந்து பேட்டரியை எடுத்து டிக்கியில் வைத்துவிடலாம், வண்டியை விற்க வேண்டாம் என்றாள்.

மாமியார் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"பட்டு வெக்கிற எடத்துல ஆசிட்டா? இன்னாடி பேசிக்கினு இருக்குற?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. பேட்டரி ஆவி பட்டால் பட்டு பொசுங்கும், ஜரிகை கறுக்கும். காஞ்சனா மறுத்துப் பேசவில்லை. அம்மா சொல்வது சரிதான், அந்த ஆவி உள்ளே தங்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலையே என்றாள். எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது அந்த நிமிஷம்தான்.

ஆடி பிறந்தது. முகூர்த்தம் இல்லாத மாசம், வண்டிக்கும் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வேலையில் இறங்கிவிட்டாள். முதலில் மைனஸ் கம்பியைக் கழற்றினாள். டிக்கி ஓரத்தில் பெயின்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் எர்த் கொடுத்தாள். விரல் தடிமன் கேபிள் ஒன்று பின்னாலிருந்து இன்ஜின் வரை... தகரத்தில் நுழைகிற ஒவ்வொரு ஓட்டையிலும், விளிம்பு அறுக்காமலிருக்க ரப்பர் புஷ். நான் சீட்டைத் தூக்கிப் பிடிக்க, அவள் மிதியடிக்குக் கீழே கேபிளை இழுத்தாள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே பெரிய ஃப்யூஸ். எங்கேயாவது கேபிள் உரசினால் நெருப்புப் பிடிக்கும் முன்னால் அது போய்விட வேண்டும் என்றாள். பேட்டரிக்கு மூடி போட்ட பெட்டி, பெட்டியிலிருந்து தரையைத் துளைத்து வெளியே போகும் ரப்பர் பைப். ஆவி அது வழியாகத் தெருவுக்கு. இரும்புப் பட்டை போட்டு முறுக்கிவிட்டு, இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்து ஆட்டினாள். பெட்டி அசையவில்லை, வண்டிதான் ஆடியது.

எல்லாம் முடித்துவிட்டு வீட்டுக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் அவளுடைய கூறைப்புடவை!

அவளுக்கு ஆவணியில் கல்யாணம். எங்கள் தறியிலேயே, மாமியார் பக்கத்தில் நின்று நெய்வித்த அரக்குப் பட்டு. இன்னும் உடம்பில் படாத புடவை. அதைப் பெட்டி மூடிமேலேயே வைத்தாள். அதில் ஒரு பொட்டு ஓட்டை விழுந்தாலும் வீடே இடிந்துபோகும். வேண்டாம்மா, ஏதாவது பழைய துண்டை வைத்துப் பார்க்கலாம் என்று கெஞ்சினேன்.

"ஊரான் வூட்டுப் பொண்ணு பொடவைய வெக்கறதுக்கு முன்னாடி, என்னுது இருக்கட்டும் அண்ணி."

மாமியார் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை.

முகூர்த்தம் இல்லாவிட்டாலும், சோதித்துப் பார்ப்பதற்கென்றே ஆடி முழுக்க அந்தப் புடவையோடு வண்டி ஓடியது. தென்னேரி ஏரிக்கரை மேடுபள்ளம் எல்லாம் பார்த்தது. ஒரு தடவைகூட வழியில் நிற்கவில்லை. ஆனால் அது இல்லையே விஷயம்... மாசம் முடிந்ததும் மாமியார் புடவையை முற்றத்து வெளிச்சத்தில் விரித்தார். மோந்து பார்த்தார். புறங்கையால் தடவினார். ஜரிகையை அங்குலம் அங்குலமாகப் புரட்டினார். மறு முனையைப் பிடித்துக்கொண்டு நான். காஞ்சனாவோ தூணில் சாய்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள். அவளும் பயப்படுவாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாமியார் மடிப்புக் கலையாமல் மறுபடி மடித்து அவள் கையில் கொடுத்தார்.

"ஆவணி மொத முகூர்த்தத்துக்கு வண்டிய எடுங்கப்பா."

அதே புடவையில்தான் காஞ்சனா மணையில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இப்போது பட்டு கூரியரில் போகிறது. டிக்கியில் குடை, கிரிக்கெட் மட்டை, காய்கறிப் பை... யாரும் யாரையும் கேட்பதில்லை.

போன வாரம் மகனுடைய புது கார் ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் பையன் வந்தான். பானெட்டுக்குள் பேட்டரியே இல்லை. கம்பெனிக்காரனே பின்னால்தான் வைத்திருக்கிறான் என்று டிக்கியைத் திறந்தான். தரைப் பலகையைத் தூக்கினால்... பட்டை போட்டு இறுக்கிய பேட்டரி, பக்கத்தில் ஃப்யூஸ், வெளியே போகும் சின்ன பைப்!

போட்டோ எடுத்து, வேலூரில் வாழ்க்கைப்பட்ட காஞ்சனாவுக்கு அனுப்பினேன். உடனே அவள் குரல் வந்தது.

"ஆடுதான்னு கைய வெச்சிப் பாருங்க அண்ணி."

இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

தரை இப்படிச் சுடுகிறதே, ஏன் செருப்பைக் கழற்றிப் போட்டீர்கள் என்று மெக்கானிக் கேட்டான். அப்போதுதான் குனிந்து என் காலைப் பார்த்தேன்.