அவர் கூரை, எங்கள் முற்றம்

மூன்று வயதில் என் மகள் நுனிக்காலில் நடக்கப் பழகினாள். பழக்கியவள் நான்தான். அப்போது அமெரிக்காவில், இர்விங் நகரில், ஓர் அபார்ட்மெண்டின் மாடி வீட்டில் இருந்தோம். மரத்தளம். மேலே ஒரு கரண்டி விழுந்தாலும் கீழே கேட்கும். கீழ் வீட்டில் இருந்த மனிதர், குழந்தை ஓடிக்கொண்டே இருக்கிறாள் என்று, வீடுகளை வாடகைக்கு விடும் லீசிங் ஆபீசில் இரண்டு முறை புகார் கொடுத்தார். மூன்றாவதைக் கொடுப்பதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டார். புகார்கள் மட்டும் எங்கள் ஃபைலில் தங்கிவிட்டன.

"ரெண்டு வார்னிங் வந்தாச்சு. இன்னொண்ணு வந்தா காலி பண்ணச் சொல்லிடுவாங்க," என்றார் கணவர். "நானோ பெஞ்ச்ல இருக்கேன். சம்பளம் வர்றதுக்குப் பே ஸ்டப் காட்டாம எவன் வேற வீடு குடுப்பான்?" புராஜெக்ட் முடிந்து, அடுத்தது கிடைக்காமல், அவர் நாள் முழுக்க ரெஸ்யூமே அனுப்பிக்கொண்டிருந்த சமயம் அது.

அன்றிலிருந்து நான் வீட்டுக்குள் போலீஸ் வேலை பார்த்தேன். குழந்தைக்கு இரண்டு ஜோடி சாக்ஸ். ஹாலில் ஊரிலிருந்து கொண்டுவந்த ஜமுக்காளம், அதன்மேல் கம்பளி. மிக்ஸியை மடித்த துண்டின்மேல் வைத்துத்தான் சட்னி அரைத்தேன். அவள் நாலு எட்டு ஓடினால் முறைப்பேன். ஒருமுறை காலில் அடித்தும் இருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வரும்.

கீழ் வீட்டுக்குப் புதிதாக ஒரு தம்பதி வந்தார்கள். பத்து நாள் கழித்து ஒரு காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. வாசலில் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. தலையில் கறுப்புத் துணி, கையில் மூடிய தட்டு, அழுது வீங்கிய முகம். புகார்தான் என்று நானே முடிவு செய்துவிட்டேன். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"நாங்கள் சத்தமே போடுவதில்லையே!" என்று ஆங்கிலத்தில் சீறினேன்.

"தெரியும்," என்றார் அவர். "யார் இறந்தது?"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உள்ளே வரச் சொன்னேன். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம், அதனால் எங்களுக்குள் கூச்சமே இல்லை. கையும் முகமும் சேர்ந்து பேசியதில் விஷயம் மெல்ல விளங்கியது. அசர்பைஜானில் ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தவர். "ரஷ்யாவா?" என்று கேட்டு முறைப்பு வாங்கிக்கொண்டேன். அந்த மலைச்சரிவில் வீடுகள் படிக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்குமாம். கீழ் வீட்டின் தட்டையான மண் கூரைதான் மேல் வீட்டின் முற்றம். அங்கேதான் ஆட்டு ரோமம் உலர்த்துவார்கள், குளிர்காலத்துக்கு எரிக்க வறட்டி அடுக்குவார்கள். பனி விழுந்தால் இரண்டு வீட்டாரும் சேர்ந்து தள்ளுவார்கள். குழந்தைகள் நாள் முழுக்க ஓடும். தலைக்கு மேல் ஓட்டம் நின்றுவிட்டால் மேல் வீட்டில் சாவு என்று அர்த்தம். கீழ் வீட்டுக்காரி மாவை வெண்ணெயில் வறுத்து அல்வா கிளறி எடுத்துக்கொண்டு துக்கம் கேட்கப் போக வேண்டும்.

வீடு பார்க்க வந்த அன்று பால்கனியில் என் மகளைப் பார்த்திருக்கிறார். குடிவந்த பிறகு காலடிச் சத்தமே கேட்கவில்லை. குழந்தைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, முகம் தெரியாத எங்களுக்காக இரண்டு நாள் அழுதிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து மகள் நுனிக்காலில் அறையிலிருந்து வந்தாள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். பிறகு அந்தக் கால்களைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"காலில் என்ன நோய்?"

அழுதுகொண்டே வார்னிங் கதை முழுவதையும் சொன்னேன். "ஓடட்டும், என் கூரைதானே," என்றார். மாலையில் கணவர் தட்டைப் பார்த்துவிட்டு, "வந்த பத்தாம் நாளே ஆன்ட்டி நமக்கு அல்வா குடுத்துட்டாங்களா?" என்று கிண்டலடித்தபடி பாதியைக் காலி செய்தார்.

ஆனாலும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. யார் வாயால் சொன்னால் என்ன, காகிதம் ஃபைலில் இருக்கிறதே! மறுநாளும் சாக்ஸ்தான். மூன்றாம் நாள் அவர் மேலே வந்து, என் கையைப் பிடித்து லீசிங் ஆபீசுக்கு அழைத்துப் போனார். குழந்தையும் கூடவே வந்தாள். கீழ் வீட்டுக்காரர் என்றதும் மேனேஜர் பெண் ஒரு ஃபாரத்தை எடுத்து வைத்தாள்.

"புகாரா?"

"ஆமாம். புகார்."

மூன்றாவதும் வந்துவிட்டது, அல்வாவுக்கு மயங்கிய எனக்கு இது வேண்டும் என்று நினைத்தேன்.

"மேல் வீட்டில் சத்தமே இல்லை," என்றார் அவர், ஒவ்வொரு சொல்லாக. "குழந்தையை ஓட விடவில்லை. நான் வாடகை கொடுப்பது வீட்டுக்கு. இது கல்லறை மாதிரி இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள்."

மேனேஜர் முதலில் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்றதும் எழுதிக்கொண்டாள். எங்கள் ஃபைலைத் திறந்தாள். கீழ் வீட்டில் இருப்பவரே இப்படிச் சொன்னால் பழைய இரண்டையும் வைத்திருப்பதில் அர்த்தமில்லை என்று சொல்லி, அவற்றை எடுத்துக் கிழித்தாள். நான் மேனேஜருக்கு நன்றி சொன்னேன். யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். பெற்ற தாயிடம்கூட நான் அவ்வளவு கடன்பட்டதாக அன்று தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து மகளின் சாக்ஸைக் கழற்றி எறிந்தேன்.

"ஓடுடா கண்ணு. எவ்வளவு வேணும்னாலும் ஓடு."

அவள் நகரவில்லை. தரையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"யூ ரன் ஃபர்ஸ்ட், அம்மா," என்றாள்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஹாலிலிருந்து சமையலறை வரை தடதடவென்று நான் ஓடிக் காட்டினேன்.