வீரம்மாள் எழுதாத பரீட்சை

பொன்னாடை போர்த்தும்போது பூங்கோதை அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டு மண்டபத்தில் இருந்தவர்கள் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். கைதட்டுகிறவர்களுக்கு என்ன தெரியும்!

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் அவளுக்கு பேக்கிங் வேலை. கப்புகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். பத்தாவது வரை படித்தவள். கல்யாணம் கூடிவரவில்லை. அம்மாவும் போன பிறகு வீட்டில் பேச்சுத்துணைக்கு டிவிதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது என்று பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வந்தபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். ஊர் அதைச் சேவை என்றது. பொழுது சாய்ந்தால் வீட்டில் நாலு பேர் குரல் கேட்குமே என்பதுதான் அவள் போட்ட கணக்கு.

கேட்கவும் செய்தது. கம்பெனிப் பெண்கள் ஐந்து பேர் வந்தார்கள். ஒரு வரி எழுதுவதற்குள் மாமியார் கதை, மருமகள் கதை எல்லாம் வந்து விழும். "இது படிப்பா, பஞ்சாயத்தா?" என்று பூங்கோதை அதட்டுவாள். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும்.

ஆறு மாதத்தில் பரீட்சை வந்தது. பாஸ் பண்ணினால் சான்றிதழ் தருவார்கள், வகுப்பும் முடிந்துவிடும். நாள் நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஐவரில் கெட்டிக்காரி வீரம்மாள். சூளையில் வைக்காத பச்சைக் கப்பை ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குகிற வேலை அவளுக்கு. வேப்பூர் பஸ், பெண்ணாடம் பஸ் எல்லாம் போர்டைப் பார்த்தே சொல்லுவாள். பரீட்சைக்கு முந்தின நாள் பூங்கோதை அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்களுக்கு இன்னும் பத்தாது. அடுத்த பரீட்சையில எழுதிக்கலாம்."

வீரம்மாள் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிங்க டீச்சர்" என்றாள்.

மற்ற நால்வரும் எழுதினார்கள், பாஸானார்கள், வருவதை நிறுத்திக்கொண்டார்கள். கம்பெனியில் பார்த்தால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். நன்றி கெட்ட ஜனம் என்று பூங்கோதை கறுவிக்கொண்டாள். வீரம்மாள் மட்டும் தினமும் வந்தாள். தெரிந்ததையே திரும்பத் திரும்ப எழுதினாள்.

இன்றைக்கு இந்தப் பாராட்டு விழா. "தன்னலம் கருதாத தன்னார்வலர்" என்று மைக்கில் வாசித்தார்கள். அந்தத் 'தன்னலம் கருதாத'தான் அவளைக் குத்திவிட்டது. கடைசி வரிசையில், அரை நாள் லீவு போட்டு வந்திருந்த வீரம்மாள் எல்லோரையும்விட பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

விழா முடிந்து இருவரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்கள். பூங்கோதையால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அக்கா, உங்களுக்குப் பத்தாதுன்னு சொன்னது பொய்யி. நீங்களும் நின்னுட்டா எனக்கு யாரு இருக்காங்கன்னுதான்..."

"தெரியுங்க டீச்சர்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"புள்ளைங்க ரெண்டும் திருப்பூருல இருக்குது. வூட்டுக்குப் போனா எனக்கும் செவுருதான். பாஸாயிட்டா அப்புறம் என்னன்னு சொல்லி உங்க வூட்டுக்கு வர்றது?"

"அந்த நாலு பேரும் எட்டிக்கூடப் பாக்கலியே."

"நீங்க வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? படிப்பு முடிஞ்சிது, இனிமே டீச்சர தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு அவங்க நெனைச்சிக்கிட்டாங்க."

பூங்கோதை நின்றுவிட்டாள். யோசித்துப் பார்த்தாள். படிக்க வாங்க என்று தெருத்தெருவாகப் போய்க் கூப்பிட்டிருக்கிறாள். சும்மா வாங்க என்று இந்த வயசு வரைக்கும் ஒருத்தரையும் கூப்பிட்டதில்லை. எப்படிக் கூப்பிடுவது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. அதை யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

"அடுத்த பரீட்சைய எழுதிடுங்கக்கா" என்றாள்.

"எழுதிட்டு?"

பூங்கோதை பொன்னாடையின் நுனியை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"எழுதிட்டு... வூட்டுக்கு வாங்க. சும்மா."

மேடை ஏறியபோதுகூட அவளுக்கு இப்படி வியர்க்கவில்லை.