பொம்மீனுக்கு வைத்த தட்டி

இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. மேட்டூரில் அணை எழும்பிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அதற்குக் கீழே, காவிரியிலிருந்து பிரியும் ஒரு பாசன வாய்க்காலில் நான் ஓவர்சியர். அதன் தலைமதகுக்குள் நுழைந்த, காவிரியின் பெரிய ஆற்றுமீனான பொம்மீனின் குஞ்சு எதுவும் ஆற்றுக்குத் திரும்பியதில்லை. சித்திரையில் வாய்க்காலை அடைத்துத் தூர் வாரும்போது சேற்றில் துடித்துச் சாகும். ஊரே கூடையோடு இறங்கி அள்ளும். குஞ்சாயிற்றே என்று விடுகிற வழக்கமே கிடையாது.

"அணை வந்த பொறவு மேல ஏற முடியறதில்லீங்க. இருக்கறதும் வாய்க்கால்ல செத்துப்போச்சுன்னா ஆத்துல பொம்மீனே இருக்காதுங்க, சாமி" என்றார், பரிசலில் மீன் பிடித்துப் பிழைத்த ஒருவர்.

அவரும் அவர் ஆட்களும் மனுக் கொடுத்துக் கொடுத்து, குஞ்சு உள்ளே நுழையாமல் மதகின் முன்னால் கம்பித் தட்டி வைக்க உத்தரவு வந்தது. படம் போடுவது என் வேலை. இடுப்பளவு தண்ணீரில் நின்று, சருகு எப்படி மிதந்து வருகிறது என்று நாள் கணக்காகப் பார்த்தேன். தட்டியை ஓட்டத்துக்குக் குறுக்கே நேராக வைத்தால் குப்பை அப்பிக்கொள்ளும். சாய்வாக வைத்தால் குப்பையும் குஞ்சும் கம்பியோரமாகவே நழுவி, கடைசியில் உள்ள சின்னத் திறப்பு வழியாக ஆற்றுக்கே போய்விடும். அப்படித்தான் வரைந்தேன்.

மேலதிகாரி படத்தைப் பார்த்துச் சிரித்தார். "என்னய்யா, கண்ணு சரியில்லையா? கோணலா நிக்குது." சிவப்புப் பென்சிலால் நேராக ஒரு கோடு இழுத்தார். ஆற்றில் காலே நனைக்காத மனுஷர். நானும் அதிலேயே கையெழுத்துப் போட்டேன்.

தட்டியை நேராகவே நட்டார்கள். ஆடிப் பதினெட்டு வந்தது. மேலே படித்துறைகளில் பெண்கள் முளைப்பாரியும் மாலையும் வாழைமட்டையில் ஏற்றிய விளக்குமாக ஆற்றில் விட்டார்கள். என் மனைவியும் விட்டாள். முளைப்பாரித் தட்டைத் தூக்கிக் கொடுத்தவன் நான்தான். அத்தனையும் மிதந்து வந்து தட்டியில் அப்பிக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் பாதியாகிவிட்டது. மறுநாளே வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள் கடப்பாரையோடு வந்து நின்றார்கள்.

"கொடிக்கா வாடுதுங்க. நீங்க புடுங்கறீங்களா, நாங்க புடுங்கட்டுங்களா?"

இப்போதைக்குக் குப்பையை வாரிவிடலாம், பிறகு சாய்த்து வைக்கலாம் என்று கெஞ்சினேன். அங்கே வந்திருந்த அதிகாரி காதிலேயே வாங்கவில்லை. "மீனுக்காக வெள்ளாமையைக் காய விடச் சொல்றியா?" என்று எல்லார் முன்னாலும் என்மேல் பாய்ந்தார். படத்தில் சாய்ந்த கோட்டை நேராக்கியது யார் என்று கேட்டிருக்க வேண்டும். தட்டியைப் பெயர்த்துக் கரையில் போட்டார்கள்.

அடுத்த சித்திரையில் வாய்க்காலை அடைத்தபோது விரல் நீளக் குஞ்சுகள் சேறு முழுக்கச் செத்துக் கிடந்தன. மதகுக்குக் கீழே ஒரு குழியில் மட்டும் பெரிய பொம்மீன் இரண்டு உயிரோடு இருந்தன. பரிசல்காரர் ஒரு சாக்கை நனைத்து எடுத்துவந்தார். ஆற்றுக்குக் கூப்பிடு தூரம்தான்.

"ரெண்டையும் குடுங்க, ஓடிப்போயி ஆத்துல உட்டுட்டு வாரேன்."

அந்த நேரம் பார்த்து அதிகாரியின் சேவகன் வந்து சேர்ந்தான். "ஐயா ஊட்டுக்குப் பெருசா ரெண்டு மீன் அனுப்பச் சொன்னாருங்க."

பரிசல்காரர் என் முகத்தையே பார்த்தார். அவர் நனைத்த சாக்கிலேயே சுற்றி நான் அனுப்பிவைத்தேன்.