உடையாத வளையமும் மேகமலை பஸ்ஸும்

பீங்கானை உடையாமல் செய்வதுதான் எங்கள் தொழில், அதற்காகக் காலை முதல் மாலை வரை பீங்கானை உடைத்துக்கொண்டே இருப்போம். பெண்டாட்டி ஓரிடம் பிழைப்பு ஓரிடம் என்று கிடக்கும் என் இனத்தாருக்கு இது கூடுதலாகப் புரியும்.

உடைக்கிற உத்தியோகம்

தேனியில் எங்கள் லேப் சின்னது. நூல் மில்லுக்கும் பம்புக்கும் பீங்கான் உதிரிபாகங்கள் செய்கிறோம். எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரிய, ஒவ்வொரு துண்டையும் மெஷினில் வைத்து அமுக்கி உடைக்க வேண்டும். ஆர்டர் கொடுக்க வந்த போடி வியாபாரி ஒருத்தர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, நான் ஒடையாத சாமான் கேட்டு வந்தா, நீங்க இங்கன உக்காந்து அம்புட்டையும் ஒடைச்சுக்கிட்டு இருக்கீக?"

மலைக்கு ஒரு வேலை

என் மனைவி ஜெசி மேகமலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு லீவு கிடைப்பது அபூர்வம். எனக்கோ ஞாயிற்றுக்கிழமைகூட லேப்பில் பீங்கான் சுடும் உலைக்குக் காவல். கல்யாணமான புதுசு வேறு, வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்ல?

நல்லவேளை, அந்த எஸ்டேட் பம்பில் சுழல்வது எங்கள் பீங்கான் வளையம். ஓடையில் நீர் வற்றினால் பம்பு வெறுமனே ஓடும், வளையம் கொதிக்கும். பிறகு குளிர்ந்த தண்ணீர் பட்டதும் படக்கென்று விரிசல் விட்டுவிடும். மாற்ற நான் போவேன். சின்னமனூரில் பஸ் ஏறி, இடுப்பெலும்பு கழன்று மேலே இறங்கினால் ஜெசி நிற்பாள். ஒரு ராத்திரி தங்கல். அந்த ஒரு ராத்திரிக்காக மாதம் முழுக்க ஏங்கியிருக்கிறேன். பம்பு ஆபரேட்டர் சுருளி ஒருமுறை சொன்னார்: "நம்ம பம்பு ஒடஞ்சாத்தான் நர்ஸம்மா சிரிக்கிறாக சார்."

வழுக்கிவிடும் இழை

வந்தது வினை. உடையாத வளையம் வேண்டும் என்றார் லேப் தலைவர் வசந்தா மேடம். பீங்கானில் கீறல் விழுந்தால் நேராக ஓடி மறுமுனையில்தான் நிற்கும். அதைத் தடுக்க உள்ளே மெல்லிய இழைகளைக் கலந்தோம். இழை பீங்கானோடு இறுக ஒட்டிக்கொண்டதால், கீறல் இரண்டையும் சேர்த்தே வெட்டிப் போனது. பிறகு இழைக்கு ஒரு பூச்சுக் கொடுத்து, லேசாக வழுக்கும்படி விட்டோம். கீறல் இழையருகே வந்து, பக்கவாட்டில் திரும்பி, அலைந்து ஓய்ந்தது.

மேடம் லட்டு வாங்கிக் கொடுத்தார். இனி மலைக்குப் போகச் சாக்கில்லையே என்று நான் அதை அப்படியே மேஜையில் வைத்துவிட்டேன். ஜெசிக்குப் போன் போட்டு, இறுக்கிப் பிடித்தால் உடைகிறது, கொஞ்சம் விட்டுப்பிடித்தால்தான் தாங்குகிறது என்று விளக்கினேன். அவள் கேட்டாள்: "அப்ப நான் இங்கன மேலயே கெடக்கதுதான் நல்லதுங்கிறீகளா?"

சுருளியின் உபகாரம்

புது வளையத்தைப் பொருத்திவிட்டு வந்தேன். அவ்வளவுதான், மலையிலிருந்து அழைப்பே இல்லை. மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டு நானே சுருளியைக் கூப்பிட்டு, வளையம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மனுஷன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நர்ஸம்மா மொகம் வாடிக் கெடந்துச்சுன்னு தண்ணி இல்லாம ஓட்டி, சூடேறுனதும் பச்சத் தண்ணிய விட்டுப் பாத்துட்டேன் சார். அப்படியும் ஒடைய மாட்டேங்குது. என்னத்தப் போட்டுத்தான் செஞ்சீக?"

ஜெசியின் முடிவு

மறுநாளே ஜெசி கூப்பிட்டாள். சுருளி அவளிடமும் ஒப்பித்துவிட்டார் போலிருக்கிறது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "இனி ஒங்க வளையத்த நம்பிப் பிரயோசனமில்ல. கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிட்டேன், ஞாயித்துக்கெழம எறங்கி வாறேன். நீங்க ஒங்க உலையப் பாருங்க, நான் பக்கத்துல உக்காந்து ஒங்களப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அந்த ஞாயிறு மலையில் காலந்தப்பிய மழை பிடித்துப் பஸ் நின்றுபோனது, வளையம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்லிவிட்டால், எங்கள் தொழிலைப் பற்றிச் சொல்ல வேறு பாக்கியில்லை.