எத்தனை கால் என்று கேட்கிற கடை

“கால் எத்தனை இருந்துச்சும்மா?” என்று கேட்டுக்கொண்டே தட்டிலிருந்து ஒரு தேளையும் ஒரு பூரானையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். எங்கள் தொழிலில் வாடிக்கையாளரின் பெயர் தெரிய வேண்டாம், ஊர் தெரிய வேண்டாம். கடித்தது எது என்று தெரிந்தால் போதும். வீட்டிலோ வயலிலோ விஷ ஜந்து தொல்லை என்றால், மெல்லிய வெள்ளித் தகட்டில் அடித்த அந்த ஜந்தின் உருவை வாங்கி, வேண்டிக்கொண்டு, கோயில் உண்டியலில் போடுவார்கள். கோயில் வாசலில் அந்த உருக்களை விற்கிற கடை என்னுடையது. தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் வந்து நிற்பவருக்கு அதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற வேலையில் இருப்பவர்களுக்கு என் பாடு புரியும்.

தேள்

கேட்காமலே அவள் பெயரையும் ஊரையும் சொன்னாள்: மாடத்தி, மேலநீலிதநல்லூர். புருஷனுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். சீமைக்கருவேலம் வெட்டப் போனவர், மத்தியானம் அந்தப் புதர் ஓரத்திலேயே துண்டை விரித்துப் படுத்திருக்கிறார். எதுவோ கடித்திருக்கிறது. எது என்று அவரும் பார்க்கவில்லை, இவளும் பார்க்கவில்லை. “வலிச்சுதாமா?” என்றேன். “ஒண்ணும் தெரியலங்காவ. காய்ச்சல்தான் விடமாட்டேங்கு.” ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்றும் கேட்டேன். மருந்துக்கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னாள்.

புதர், விறகு என்றால் தேள்தான் வழக்கம். தேளை அவள் பக்கம் நகர்த்தினேன். தேள் கொட்டியிருந்தால் ஆள் துடித்திருப்பாரே, எப்படித் தெரியாமல் போகும் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அதைச் சரியாகக் கேட்பதற்குள் அவள் தகட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். என் முகத்தில் என்ன பார்த்தாளோ, போகிறபோது அவளே எனக்குத் தைரியம் சொன்னாள்: “தேளுன்னா தேளு. நீங்க படிச்சவிய, தப்பாவா குடுப்பிய?”

அறை பிரித்தது

நான் படித்தது விலங்கியல். கல்யாணமாகி இந்தக் கடைக்கு வந்தபோது எல்லா உருக்களும் ஒரே பெட்டியில் கிடந்தன. பாம்பின் மேல் பல்லி, பல்லியின் மேல் வண்டு. ஒரு வாரம் உட்கார்ந்து, தட்டுகளை அறை அறையாகத் தடுத்துப் பிரித்தேன். கால் இல்லாததும் நாலு கால் உள்ளதும் ஒரு பக்கம். மற்றதெல்லாம் கணுக்காலிகள்: உடம்புக்கு மேலே ஓடு, உடம்பு துண்டு துண்டாக, கால் கணுக்கணுவாக. அதிலும் ஆறு கால் என்றால் பூச்சி; குளவி, வண்டு, எறும்பு எல்லாம் அங்கே. எட்டு என்றால் தேளும் சிலந்தியும். பத்து என்றால் நண்டு. எண்ணி முடியாதவை பூரானும் மரவட்டையும். அறைக்கு அறை சீட்டு எழுதி ஒட்டினேன். கால் எத்தனை என்று கேட்கிற பழக்கம் அப்படித்தான் வந்தது. கேட்டுக் கேட்டு, அந்த ஒரு கேள்வி போதும் என்கிற நம்பிக்கையும் வந்துவிட்டது.

பக்கத்தில் பூக்கடை போட்டிருக்கும் பேச்சியக்காவுக்கு என் அறைகளும் சீட்டுகளும் வெகுநாளைய வேடிக்கை. மாடத்தி போன பிறகு, தேள் கொடுத்தது மனசுக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது, கடித்ததன் காலை அவர் பார்த்தாரா என்று இன்னும் ஒரு தடவை கேட்டிருக்கலாம் என்றேன். அவள் வாழைநாரைப் பல்லால் கிழித்தபடி சொன்னாள்: “ஏட்டி, கடி வாங்குனவன் காலையா எண்ணிக்கிட்டு நிப்பான்?”

ஊறுகாய் பாட்டில்

மறுநாள் ராயகிரியிலிருந்து ஒரு அண்ணாச்சி வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தார். அடியில் கறுப்பாக ஒன்று சுருண்டிருந்தது. வீடு பூராவும் பூரானாம், நல்ல கனமான உருவாக வேண்டுமாம். மூடியில் ஓட்டை போட்டிருக்கிறீர்களே, எதற்கு என்றேன். செத்துவிட்டால் அடையாளம் தெரியாமல் போய்விடும் என்றார். இப்படிப்பட்ட மனிதர்களுக்காகத்தான் நான் கடையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்து அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தேன்.

பாட்டிலைச் சாய்த்ததும் அது மெல்ல நீண்டு, அலை அலையாகக் கால் எடுத்து வைத்து நடந்தது. பூரானுக்கு ஒரு துண்டுக்கு ஒரு ஜோடிக் கால்; இதற்கு இரண்டு ஜோடி. பூரான் ஓடும், இது நடக்கும், தொட்டால் சுருளும். அண்ணாச்சி, இது மரவட்டை, கடிக்காது, மழை ஈரத்துக்கு வீட்டுக்குள் வந்திருக்கிறது, கூட்டித் தள்ளினால் போதும் என்றேன். அவர் முகத்தில் சந்தோஷத்தை எதிர்பார்த்தேன். அவர் பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்பம் பிள்ளைகுட்டியோட ஒரு வாரமா மொட்டை மாடியில படுத்து நனைஞ்சது எதுக்கும்மா?” என்றார்.

பூரான்

வெள்ளிக்கிழமை. கடை முன்னால் மூன்று வரிசைக்குக் கூட்டம். தலைகளுக்கு இடையில் மாடத்தியின் கை மட்டும் முதலில் தெரிந்தது. “அக்கா, தேளு கேக்கல” என்றாள். மருந்து கேட்கவில்லை என்பதுபோலத்தான் சொன்னாள். காய்ச்சல் இறங்கவில்லை. தலையைத் தூக்க முடியவில்லை. நேற்றிலிருந்து சம்பந்தமில்லாமல் புலம்புகிறார். ஜந்து மாறிப் போனதால் வேண்டுதல் போய்ச் சேரவில்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். பூரான்தான் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்களாம்.

கடித்த தடம் ஏதாவது இருக்கிறதா என்றேன். “கக்கத்துல கறுப்பா ஒரு பொருக்கு. பீடிய வச்சுச் சுட்ட மாதிரி. வலிக்கலங்காவ.” யாரோ ஒருவர் பின்னாலிருந்து பாம்பு ரெண்டு என்று தட்டை எட்டி இழுத்தார். இன்னொருவர் பல்லி கேட்டார். அந்தப் பீடிச் சூட்டில் நான் ஒரு நிமிஷம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. பூரானை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு கேட்டாள்: “ரெண்டுல ஒண்ணு கேட்ரும்லா?”

கண்ணாடித் தகடு

கூட்டம் சற்றுக் கலைந்ததும் சாப்பாட்டைத் திறந்தேன். இரண்டாவது கவளத்தில் கை நின்றுவிட்டது. கல்லூரியில் எழுதிய செய்முறைத் தேர்வு நினைவுக்கு வந்தது. நுண்ணோக்கியின் கீழே கண்ணாடித் தகட்டில் ஒரு சிற்றுயிர். ஆறு கால் எண்ணினேன், பூச்சி என்று எழுதினேன். தப்பு. அது தேளும் சிலந்தியும் இருக்கிற வகுப்பு. வளர்ந்தால் எட்டுக் கால், குஞ்சாக இருக்கும்போது மட்டும் ஆறு. புதரில் இருக்கும், மனுஷரைக் கடிப்பது அந்தக் குஞ்சுதான், கடித்தால் வலிக்காது, கடித்த இடம் சுட்டதுபோல் கறுத்துப் பொருக்காகும், பிறகு காய்ச்சல் வரும், கவனிக்காமல் விட்டால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்று பேராசிரியை சொல்லிக்கொண்டே என் தாளில் சுழித்தார். “ஆறுன்னதும் எழுதிட்டே. இது இன்னும் வளரணுமோன்னு ஒரு நிமிஷம் யோசிச்சியா?” என்று அவர் கேட்டது, அந்தக் குரலோடு வந்தது.

என்னிடம் மாடத்தியின் போன் நம்பர் இல்லை. கோயிலுக்குள் ஓடிப்போய்ப் பார்த்தேன், எங்கும் இல்லை. திரும்பி வந்து தட்டுகளை அடுக்கிச் சாக்கைப் போட்டு மூடினேன். அவசரத்தில் அறை மாறி எல்லாம் கலந்தன. மாடத்திக்கு என்ன ஆகிவிட்டது என்று பேச்சியக்கா கேட்டாள். சொன்னேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை அடைப்பதை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. “வாரவியளுக்கு உருதான குடுக்க, உசுருமா குடுக்க?” என்றாள். திட்டியதா, தேற்றியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மேலநீலிதநல்லூர்

பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். ஊரில் இறங்கி மாடத்தி வீடு எது என்றால், எந்த மாடத்தி என்றார்கள். கருவேலம் வெட்டப் போய்க் காய்ச்சலில் கிடக்கிறாரே, அவர் வீடு என்றதும் ஒருவர் தெருக்கோடியைக் கையால் காட்டினார். அந்தப் பக்கமாக ஓடினேன்.

ஆள் உயிரோடு இருந்தார். கட்டிலில், கண் சிவந்து, உதடு வெடித்து. நானே அவர் கையைத் தூக்கிப் பார்த்தேன். அக்குளில் கறுப்பு வட்டம், சுற்றிலும் சிவப்பு. இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்றேன். பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்ததில் அப்போதுதான் வந்து சேர்ந்த மாடத்தி, பூரானைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன், இன்று ஒரு நாள் பார்ப்போமே என்றாள். நான் கொடுத்த இரண்டுமே தப்பு, இது தேளும் இல்லை, பூரானும் இல்லை என்று சொன்னேன். மாடத்தி என்னை நேராகப் பார்த்தாள். “அப்பம் தெரியாமலா எடுத்து எடுத்துக் குடுத்திய?” என்றாள். கூடி நின்ற பெண்களில் ஒருத்தியை ஆட்டோவுக்கு அனுப்பினேன்.

டாக்டர்

ஆஸ்பத்திரியில் எனக்குப் பேச்சு நிற்கவில்லை. மூன்று மணி நேரமாக வாய்க்குள் வைத்திருந்தது எல்லாம் கொட்டியது. புதரில் படுத்தவர், அக்குளில் பொருக்கு இருக்கிறது, இது பூச்சி இல்லை, எட்டுக் கால் வகுப்பு, ஆனால் கடிக்கையில் ஆறு கால்தான் இருக்கும், அதனால்தான் குழப்பம் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிக்கொண்டே போனேன். அவர் பொருக்கைப் பார்த்த நிமிஷமே நர்ஸிடம் மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டார். உண்ணிக் காய்ச்சல் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “காலை விடுங்கம்மா. காய்ச்சல் எத்தனை நாளா?” என்றார்.

மாடத்தி விரல் மடக்கினாள். ஏழு. அதில் நாலாவது நாளிலும் ஏழாவது நாளிலும் அவள் என் கடை முன்னால் நின்றிருந்தாள். அன்றும் மறுநாளும் ஒன்றும் சொல்ல முடியாது என்று வராந்தாவில் உட்கார வைத்தார்கள். நான் அவளுக்குக் காப்பி வாங்கி வந்தேன். வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் நான் போனபோது டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். “காய்ச்சல் விட்டுட்டு. கஞ்சி கேட்டாவ” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

இல்லாத உரு

இப்போதெல்லாம் கால் எத்தனை என்பதற்கு முன்னால் காய்ச்சல் எத்தனை நாள் என்று கேட்கிறேன். அதனால் என் கடைக்கு வருகிறவர்களில் கொஞ்சம் பேர் சாமிக்கு முன்னால் ஆட்டோக்காரரைப் பார்க்கிறார்கள்.

இரண்டு மூன்று வாரம் கழித்து அவர்கள் வந்தார்கள். அவர் மெலிந்து, சட்டை தொளதொளவென்று இருந்தது. என்னை யார் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் வீட்டுக்கு வந்து கையைத் தூக்கிப் பார்த்தது அவருக்கு நினைவில்லை. மாடத்திதான் பேசினாள். ஜந்து மாற்றிப் போட்டது மனசில் கிடந்து உறுத்துகிறதாம், சரியானதைப் போட வேண்டுமாம். பேச்சியக்கா பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். உண்ணிக்கு என்னிடம் உரு இல்லை. எந்தக் கடையிலும் இருக்காது என்றேன். மாடத்தி நகரவில்லை. “நீங்க கண்ணால பாத்திருக்கியல்லா, அதைப் போட்டுக் குடுங்க” என்றாள்.

வெறும் தகடு ஒன்றை எடுத்து மரக்கட்டைமேல் வைத்தேன். ஆணியால் புள்ளி புள்ளியாகத் தட்டி வட்டமாக ஒரு உடம்பு வரைந்தேன். பக்கத்துக்கு நாலாக எட்டுக் கால் இழுத்தேன். மாடத்தி புருஷனின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடித்தது குஞ்சுதானே என்று நான் தகட்டைத் திருப்பிப் போட்டு, கடைசி இரண்டு கால்களை ஆணியின் கொண்டையால் தேய்த்துத் தேய்த்துத் தட்டையாக்கினேன். பிறகு அவள் கையில் கொடுத்தேன்.